விருந்தாளியும் பகைவனும் ஒரே சொல்லா?

"ஹோட்டல், ஹாஸ்டல், ஹாஸ்பிடல், விருந்து கொடுப்பவரைக் குறிக்கும் ஹோஸ்ட், விருந்தாளியைக் குறிக்கும் கெஸ்ட், பகைமையைக் குறிக்கும் ஹாஸ்டைல், இவை எல்லாம் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று வாட்ஸ்அப்பில் ஒரு பகிர்வு பார்த்தேன். பழைய ரோமானியர்கள் வீட்டுக்கு வருகிறவனை எதிரியாகத்தான் நினைத்தார்கள், அதனால்தான் இரண்டுக்கும் ஒரே சொல் என்றும் அதில் போட்டிருந்தது. இது உண்மையா? பேயைக் குறிக்கும் கோஸ்ட்டும் இதே குடும்பமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குள் இரண்டு தனிக் கேள்விகள் இருக்கின்றன. இந்தச் சொற்கள் உண்மையிலேயே உறவா என்பது ஒன்று. உறவுதான் என்றால், விருந்தாளிக்கும் பகைவனுக்கும் எப்படி ஒரே சொல் வந்தது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஆமாம் என்று தயக்கமில்லாமல் சொல்லலாம். இரண்டாவதில் அந்தப் பகிர்வு சொல்லும் காரணம் தவறு. தவறு என்பதைவிட, தலைகீழ் என்பதே சரி. கோஸ்ட்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். நான் ஒப்பியல் மொழியியல் படித்தவன், லத்தீன் கற்றுக்கொடுப்பவன். இந்தச் சொல்லை ஒவ்வொரு ஆண்டும் வகுப்பில் எடுக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கெஸ்ட் என்பதும் ஹாஸ்டைல் என்பதும் காதுக்கு அவ்வளவு நெருக்கமாக இல்லையே, எப்படி உறவு என்கிறார்கள்? தமிழர்களுக்கு இதை விளக்குவது எளிது. நாம் பால் என்கிறோம், கன்னடத்தில் ஹாலு. நமக்குப் பல், அவர்களுக்கு ஹல்லு. நமக்குப் பூ, அவர்களுக்கு ஹூவு. நமக்குப் புலி, அவர்களுக்கு ஹுலி. ஒரு சொல்லில் மட்டும் இப்படி இருந்தால் தற்செயல் எனலாம். நம் பகரம் இருக்கும் இடத்தில் வரிசையாக ஹகரம் வந்து நிற்கும்போது அது தற்செயலாக இருக்க முடியாது. பழைய கன்னடக் கல்வெட்டுகளில் அங்கேயும் பகரம்தான் இருந்தது, பிறகு மாறியது. ஐரோப்பிய மொழிகளிலும் இதே கதைதான். இந்த மொழிகளுக்கெல்லாம் பொதுவான மூதாதை மொழியில் மூச்சோடு உச்சரிக்கப்பட்ட ஒரு வகை ககர ஒலி, சொல்லின் தொடக்கத்தில் லத்தீனில் ஹகரமாகத் தேய்ந்தது. ஆங்கிலம், ஜெர்மன் போன்ற ஜெர்மானிய மொழிகளிலும் ரஷ்யம், செக் போன்ற ஸ்லாவிய மொழிகளிலும் அது காந்தி என்பதில் நாம் சொல்லும் ககரமாக நின்றது. மனிதனைக் குறிக்கும் லத்தீன் சொல் ஹோமோ, பழைய ஜெர்மானிய மொழியான கோதிக்கில் குமா. ஆட்டுக்குட்டி லத்தீனில் ஹைதுஸ், அதன் உறவுதான் ஆட்டைக் குறிக்கும் ஆங்கிலத்தின் கோட். உயிரெழுத்திலும் ஒழுங்கு இருக்கிறது. லத்தீனில் ஒகரம் இருந்தால் ஜெர்மானியத்தில் அகரம் வரும். எட்டு என்பது லத்தீனில் ஒக்டோ, ஜெர்மனில் ஆக்ட். இரவு லத்தீனில் நொக்ஸ், ஜெர்மனில் நாக்ட், ரஷ்ய மொழியில் நோச்.

இந்த இரண்டு விதிகளையும் சேர்த்துப் போட்டால் விடை தானாக விழுகிறது. லத்தீனில் ஹோஸ்திஸ், கோதிக்கில் காஸ்ட்ஸ், ஜெர்மனில் காஸ்ட் (ஆங்கிலத்தின் கெஸ்ட் இதன் உறவு), ரஷ்ய மொழியில் கோஸ்ட். ஒலியில் எங்கும் முரண் இல்லை. கோஸ்திஸ் என்பது போன்ற ஒரு மூல வடிவத்தை வைத்தால் எல்லாமே அதிலிருந்து இறங்கி வருகின்றன. அந்த மூல வடிவத்தை யாரும் கல்வெட்டில் பார்த்ததில்லை, அது நாம் மீட்டுருவாக்கியது. புத்தகங்களில் அதற்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். ஆனாலும் இந்த நான்கும் ஒரே சொல் என்பது ஒப்பியல் துறையில் மிக உறுதியான முடிவுகளில் ஒன்று.

ஜெர்மானியப் பக்கத்தில் இந்தச் சொல் எவ்வளவு பழையது என்பதற்கு ஓர் அழகான சாட்சி உண்டு. டென்மார்க்கின் தெற்கு ஜட்லாந்தில் கல்லஹுஸ் என்ற ஊரில் 1734-இல் தங்கத்தால் ஆன ஒரு கொம்பு கிடைத்தது. கி.பி. 400-ஐ ஒட்டிச் செய்யப்பட்டது. அதன் வாயைச் சுற்றி, பழைய ஜெர்மானியர்கள் பயன்படுத்திய ரூன் எழுத்தில் ஒரே ஒரு வரி: "ஏக் ஹ்லேவகாஸ்திஸ் ஹோல்தியாஸ் ஹோர்னா தவிதோ." ஹோல்தியாஸ் என்ற அடைமொழி கொண்ட ஹ்லேவகாஸ்திஸ் ஆகிய நான் இந்தக் கொம்பைச் செய்தேன் என்று பொருள். பொற்கொல்லர் தன் பெயரைப் பதித்திருக்கிறார். அந்தப் பெயரின் பின்பாதியில் நம் சொல் முழுசாக இருக்கிறது, காஸ்திஸ். முன்பாதிக்குப் 'புகழ்' என்று சிலரும் 'நிழல், அடைக்கலம்' என்று சிலரும் பொருள் சொல்கிறார்கள். அது முடியாத வாதம். கொம்பை இப்போது யாரும் பார்க்க முடியாது. 1802-இல் கோபன்ஹேகனில் இருந்த அரச சேகரிப்பிலிருந்து ஒருவன் அதைத் திருடி உருக்கிவிட்டான். திருடியவனும் பொற்கொல்லன்தான். நல்லவேளையாக அதற்கு முன்பே எழுத்துகளை வரைந்து வைத்திருந்தார்கள். இன்று அருங்காட்சியகத்தில் இருப்பது அந்த வரைபடங்களைப் பார்த்துச் செய்த நகல்.

சரி, பொருளுக்கு வருவோம். இங்கேதான் உங்கள் வாட்ஸ்அப் பகிர்வு வழுக்கி விழுகிறது. சீசர், சிசரோ காலத்து லத்தீனில் ஹோஸ்திஸ் என்றால் பகைவன்தான், அதிலும் நாட்டின் பகைவன். ஆனால் அந்தப் பொருள் பிற்பாடு வந்தது என்று ரோமானியர்களுக்கே தெரிந்திருந்தது. லத்தீன் மொழியைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய வார்ரோ, பழைய காலத்தில் ஹோஸ்திஸ் என்றால் தன் சொந்தச் சட்டத்தின்படி வாழும் வெளியூர்க்காரன் என்று பொருள், இப்போதுதான் அதைப் பகைவனுக்குச் சொல்கிறார்கள் என்று தெளிவாகக் குறித்திருக்கிறார். கி.மு. 44-இல் தன் மகனுக்காகக் கடமைகளைப் பற்றி எழுதிய சிசரோவும் இதையே சொல்கிறார். அவர் ஒரு படி மேலே போய், போர்ப் பகைவனுக்குக்கூட 'வெளியூர்க்காரன்' என்ற மென்மையான சொல்லைச் சொன்ன நம் முன்னோரின் பண்பைப் பாருங்கள் என்று பெருமைப்படுகிறார். முன்னோர் அந்தப் பண்பினால்தான் அப்படிச் சொன்னார்களா என்பது வேறு விஷயம். சிசரோவின் பெருமிதத்தைத் தள்ளிவிடலாம், அவர் தரும் பொருளைத் தள்ள முடியாது.

ஏனென்றால் அதற்கு இன்னும் பழைய ஆதாரம் இருக்கிறது. ரோமின் முதல் எழுத்துச் சட்டமான பன்னிரண்டு பலகைகள் கி.மு. 451, 450-ஐச் சேர்ந்தவை. பலகைகள் அழிந்துவிட்டன. பின்னால் வந்தவர்கள் எடுத்துக்காட்டிய வரிகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அதில் ஒரு விதி, ஹோஸ்திஸோடு ஒருவனுக்கு வழக்கு நாள் குறிக்கப்பட்டிருந்தால், அந்தக் காரணத்துக்காக வேறு வழக்கை ஒத்திவைக்கலாம் என்கிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். போர்க்களத்தில் நிற்கும் எதிரியோடு யாரும் வாய்தா வாங்குவதில்லை. இவன் நீதிமன்றத்துக்கு வரக்கூடியவன், வாங்கல் கொடுக்கல் வைத்துக்கொள்ளக்கூடியவன், அவனுக்குக் குறித்த நாளை ரோமானியன் மதித்தாக வேண்டும். அந்நியன்தான், ஆனால் உரிமை உள்ள அந்நியன். மாணவர்கள் இந்த வரியை முதலில் 'எதிரியோடு வழக்கு நாள்' என்று மொழிபெயர்த்துவிட்டு, இது என்ன அர்த்தம் என்று விழிப்பார்கள். அந்தக் குழப்பத்திலிருந்துதான் நான் பாடத்தைத் தொடங்குவேன்.

அப்படியானால் உண்மையான பகைவனை அவர்கள் என்ன சொன்னார்கள்? பெர்துவெல்லிஸ். போரைக் குறிக்கும் பெல்லும் என்ற சொல்லின் பழைய வடிவம் துவெல்லும், அதிலிருந்து வந்தது. இருவர் மோதும் டூயல் என்ற சொல்லும் அந்தத் துவெல்லுமிலிருந்து வந்ததுதான். காலப்போக்கில் ஹோஸ்திஸ் நகர்ந்து பெர்துவெல்லிஸின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. காலியான அந்நியன் என்ற இடத்துக்குப் பெரெக்ரினுஸ் என்ற புதுச் சொல் வந்தது.

இந்த நகர்வு ஏன் நடந்தது என்பதில் உறுதி குறைகிறது. பிரெஞ்சு மொழியியலாளர் எமில் பென்வெனிஸ்த் 1969-இல் வெளியிட்ட இந்தோ-ஐரோப்பிய நிறுவனங்களின் சொற்கள் பற்றிய நூலில் தந்த விளக்கம்தான் இன்று அதிகம் பேசப்படுவது. லத்தீனில் ஹோஸ்தீரே என்று ஒரு பழைய வினை இருந்தது. பெஸ்டஸ் என்ற அகராதிக்காரர் அதற்குச் 'சமன் செய்தல்' என்று பொருள் எழுதியிருக்கிறார். கூடவே, ரோம மக்களோடு சம உரிமை பெற்றிருந்ததால்தான் அந்நியர் ஹோஸ்திஸ் எனப்பட்டனர் என்றும் குறித்திருக்கிறார். பென்வெனிஸ்த் இதைப் பிடித்துக்கொண்டு, மூலச் சொல்லின் உயிர் ஈடு செய்தலில் இருக்கிறது என்றார். இன்று நீ என் வீட்டில் உண்டாய், நாளை நான் உன் ஊருக்கு வந்தால் நீ எனக்கு உணவும் பாதுகாப்பும் தர வேண்டும். இந்தக் கைமாற்றில் கட்டுண்ட வெளியூர்க்காரன்தான் கோஸ்திஸ். நம் ஊரில் மொய் நோட்டில் எழுதி வைத்துத் திருப்பிச் செய்கிறோமே, அந்த உணர்வுக்கு இது ரொம்பத் தூரமில்லை. ரோம் வளர்ந்து பேரரசாக ஆனபோது தனி மனிதருக்கும் தனி மனிதருக்கும் இருந்த இந்தக் கட்டு தளர்ந்து, அரசுக்கும் அரசுக்குமான உறவு முன்னுக்கு வந்தது. வெளியூரான் என்றால் யாருடைய ஆள் என்ற கேள்வி போய், எந்த நாட்டான், நம்மோடு போரில் இருக்கும் நாடா என்ற கேள்வி வந்தது. சொல்லும் அதன்பின்னே போய்விட்டது. என் மதிப்பீட்டில் இதன் முதல் பாதி, அதாவது கைமாற்றுக் கட்டு, நல்ல ஆதாரம் உள்ளது. இரண்டாம் பாதி பொருத்தமான ஊகம். அதை நேரடியாக நிரூபிக்கும் ஏடு எதுவும் கையில் இல்லை.

அந்தக் கைமாற்றுக் கட்டு வெறும் கற்பனை இல்லை என்பதற்குத் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருளே உண்டு. லத்தீனில் தெஸ்ஸரா ஹொஸ்பிதாலிஸ் என்பார்கள், விருந்துறவுச் சின்னம் எனலாம். இரண்டு குடும்பங்கள் உறவு வைத்துக்கொண்டால், ஒன்றோடு ஒன்று பொருந்தும் இரண்டு சின்னங்களை ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்வார்கள். தகப்பன் இறந்தாலும் மகன் அதைக் கொண்டுபோய்க் காட்டி அந்த வீட்டில் தங்கலாம். ஸ்பெயினில் வெண்கலத்தில் செய்த இத்தகைய சின்னங்கள் நிறையக் கிடைத்துள்ளன. சில விலங்கு வடிவம், சில கைகுலுக்கும் இரண்டு வலக்கைகளின் வடிவம். ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், அங்கேதான் பெயர் பொறித்திருக்கும், இன்னொன்றின் தட்டைப் பக்கம் அதோடு சேரும். நாடக ஆசிரியர் பிளவுத்துஸ் எழுதிய ஒரு நகைச்சுவை நாடகத்தில், கார்த்தேஜ் நகரத்திலிருந்து ஒரு கிழவர் தொலைந்த தன் பெண்களைத் தேடிக் கிரேக்க ஊருக்கு வருகிறார். பழைய விருந்துறவுக்காரரின் வாரிசைக் கண்டுபிடித்து, இதோ என் சின்னம், உன்னிடம் இருப்பதோடு சேர்த்துப் பார் என்று நீட்டுகிறார். பொருந்திவிடுகிறது. அந்த நாடகத்தை ரோமில் பார்த்துச் சிரித்தவர்கள் சில ஆண்டுகளுக்கு முன்புவரை கார்த்தேஜோடு பெரும்போர் செய்தவர்கள். அந்தப் போரில் கார்த்தேஜின் படையை நடத்திய ஹன்னிபாலின் ஊர்க்காரர் மேடையில் நின்று சின்னத்தை நீட்டுகிறார், அவருக்கு வீடு திறக்கிறது. விருந்தாளியை எதிரியாக நினைத்த சமூகம் இப்படி ஒரு காட்சியை ரசித்திருக்காது.

இப்போது ஹோட்டல், ஹாஸ்பிடல் பக்கம். இவற்றின் தாய் ஹோஸ்திஸ் இல்லை, ஹோஸ்பெஸ். இது ஒரு கூட்டுச் சொல். முன்பாதி கோஸ்தி, பின்பாதி போதிஸ், அதாவது தலைவன், உடையவன். விருந்தினருக்குத் தலைவன், விருந்தோம்பும் வீட்டுக்காரன் என்று பொருள் கொள்கிறார்கள். இந்தப் போதிஸ் நமக்கு அந்நியமே இல்லை. அதன் சமஸ்கிருத வடிவம் பதி. தளபதி, அதிபதி என்று அதைத் தமிழில் தினமும் சொல்கிறோம். தம்பதி என்ற சொல்லின் மூலமான வேதகாலத்துத் தம்பதிக்கு 'வீட்டுத் தலைவன்' என்று பொருள் உண்டு. அதன் உடன்பிறப்புதான் கிரேக்கத்தின் தெஸ்போதேஸ், இன்று சர்வாதிகாரியைக் குறிக்கும் டெஸ்பாட். இரண்டும் ஒரே இரண்டு உறுப்புகளால் ஆனவை. கல்யாணப் பத்திரிகையில் நாம் அச்சடிக்கும் சொல்லும் கொடுங்கோலனைத் திட்டும் சொல்லும் உறவு என்று சொன்னால் வகுப்பில் ஒரு சலசலப்பு வரும். நான் அதற்காகக் காத்திருப்பேன்.

ஹோஸ்பெஸ் போன்ற கூட்டு ஸ்லாவிய மொழிகளிலும் இருக்கிறது. ரஷ்ய மொழியில் ஆண்டவனைக் குறிக்கும் கோஸ்போத், திரு என்ற பொருளில் வரும் கோஸ்போதின், செக் மொழியில் சாராயக் கடையைக் குறிக்கும் ஹோஸ்போதா, எல்லாம் ஒரே கூட்டம். கடவுள் முதல் கள்ளுக்கடை வரை. ஆனால் இங்கே ஒரு முள் உண்டு. விதிப்படி அந்த இடத்தில் தகரம் வல்லொலியாக வந்திருக்க வேண்டும். ஸ்லாவிய வடிவத்தில் அது தயவு என்பதன் மென்மையான ஒலியாக இருக்கிறது. ஏன் என்பதற்குப் பல விளக்கங்கள் இருக்கின்றன, எல்லோரும் ஒப்புக்கொண்டது ஒன்றும் இல்லை. உறவு இருப்பதை இதற்காக யாரும் மறுப்பதில்லை.

ஹோஸ்பெஸுக்கு ஒரு விசேஷம், அது விருந்து கொடுப்பவனையும் குறிக்கும், பெறுபவனையும் குறிக்கும். இன்றைய இத்தாலிய மொழியின் ஓஸ்பிதேயும் பிரெஞ்சின் ஓத்தும் அப்படியே. ஒரு பிரெஞ்சு வாக்கியத்தில் ஓத் என்று வந்தால், அழைத்தவரா அழைக்கப்பட்டவரா என்பதைச் சூழலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தொடக்க வகுப்பில் எல்லோரும் எரிச்சலடையும் இடம் இது. எனக்கோ, மேலே சொன்ன கைமாற்றுக் கட்டின் தடம் இன்றும் உயிரோடு தெரிவது இங்கேதான் என்று தோன்றும். இன்று நான், நாளை நீ என்றால் இரண்டு பெயர் எதற்கு? கிரேக்கத்தின் க்ஸெனோஸ் என்ற சொல்லும் அந்நியன், விருந்தாளி, விருந்தளிப்பவன் மூன்றையும் குறிக்கும். ஆனால் ஒலி பொருந்தாததால் அதை இந்தக் குடும்பத்தில் சேர்க்க முடியுமா என்பது ஐயம். சேர்க்க முயன்றவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பொருள் ஒத்திருப்பது உறவுக்குச் சான்று ஆகாது.

ஹோஸ்பெஸிலிருந்து ஹொஸ்பிதாலிஸ், விருந்தினருக்கு உரிய என்ற பெயரடை. அதிலிருந்து இடைக்கால லத்தீனில் ஹொஸ்பிதாலே, வழிப்போக்கர் தங்கும் இடம். இந்த ஒரே சொல்தான் இரண்டு கிளையாகப் பிரிந்தது. மக்கள் வாயில் தேய்ந்து பழைய பிரெஞ்சில் ஓஸ்தெல் ஆனது, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு ஹாஸ்டல் போனது. பிரெஞ்சில் சகரம் மறைந்து ஓதெல் ஆகி, மறுபடி ஹோட்டலாக வந்தது. ஒகரத்தின் தலையில் பிரெஞ்சுக்காரர்கள் போடும் சிறு கூரை போன்ற குறி, இங்கே ஒரு சகரம் இருந்தது என்பதற்கான அடையாளம். தேவாலயமும் மடங்களும் லத்தீன் வடிவத்தையே வைத்துக்கொண்டதால் இன்னொரு கிளை ஹாஸ்பிடல் ஆனது. முதலில் இரண்டுக்கும் வேறுபாடு பெரிதாக இல்லை. யாத்திரிகர், ஏழை, அனாதை, நோயாளி, எல்லோருக்கும் ஒரே கூரை. ஜெருசலேமில் யாத்திரிகர்களைப் பராமரித்த ஹாஸ்பிடலர் துறவிகளுக்கு 1113-இல் போப்பின் அங்கீகாரம் கிடைத்தது. லண்டனில் 1552-இல் தொடங்கிய கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளி, இன்றும் பள்ளிதான், இடம் மட்டும் மாறியிருக்கிறது. செல்சியில் 1682-இல் தொடங்கிய ராயல் ஹாஸ்பிடல் முதிய படைவீரர்களின் இல்லம். வெனிஸில் இசையமைப்பாளர் விவால்டி 1703-இலிருந்து வயலின் கற்றுக்கொடுத்த ஓஸ்பெதாலே, பெற்றோர் இல்லாத பெண்பிள்ளைகள் வளர்ந்த இடம். மருத்துவம் மட்டுமே என்று பொருள் குறுகியது ரொம்பப் பின்னால்.

நம் ஆஸ்பத்திரியும் இதே சொல்தான். போர்ச்சுகீசியர் வழியாக வந்ததா, ஆங்கிலேயர் வழியாகவா என்பதில் இரு கருத்து உண்டு. போர்ச்சுகீசியர் ஹகரத்தை உச்சரிப்பதில்லை என்பது முதல் தரப்பின் வாதம். ஆனால் தமிழ் நாக்கும் ஹகரத்தை விழுங்கிவிடும், ஹோட்டலை ஓட்டல் ஆக்கியது போல. அதனால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஹோஸ்திஸுக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. இடைக்காலத்தில் அது பகைவனிலிருந்து படைக்கு நகர்ந்தது. ருமேனிய மொழியில் ஓவாஸ்தே என்றால் படை. ஆங்கிலத்தில் பெரும் கூட்டத்தைக் குறிக்கும் ஹோஸ்ட் அந்த வழியில் வந்தது, ஆங்கில விவிலியத்தில் சேனைகளின் கர்த்தர் என்ற இடத்தில் வருவது இதுதான். விருந்தளிக்கும் ஹோஸ்ட் ஹோஸ்பெஸிலிருந்து வந்தது. கத்தோலிக்கத் திருப்பலியில் தரும் அப்பம் ஹோஸ்ட், பலிப்பொருளைக் குறிக்கும் ஹோஸ்தியா என்ற மூன்றாவது சொல்லிலிருந்து வந்தது. எழுத்தில் ஒன்று, வரலாற்றில் மூன்று. அதேபோல் பணயக் கைதியைக் குறிக்கும் ஹாஸ்டேஜையும் இந்தக் குடும்பத்தில் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடாதீர்கள். அது ஹோஸ்பெஸிலிருந்து வந்ததாகச் சிலரும், பணயக் கைதிக்கான ஒப்செஸ் என்ற வேறு லத்தீன் சொல்லிலிருந்து வந்து இதன் சாயலை ஏற்றுக்கொண்டதாகச் சிலரும் சொல்கிறார்கள். மூலச் சொல் கோஸ்திஸே உண்ணுதல் என்ற வேரிலிருந்து வந்தது, 'நம்மோடு உண்பவன்' என்ற ஊகமும் உண்டு. அழகாக இருக்கிறது, ஆனால் அழகைத் தவிர ஆதாரம் குறைவு.

ரஷ்யப் பக்கத்தில் இந்தச் சொல் வணிகனாக மாறியது எனக்கு மிகவும் பிடித்த கதை. தூரத்திலிருந்து வருகிறவன் பெரும்பாலும் சரக்கோடு வருகிறவன்தானே. பழைய ரஷ்யாவில் கோஸ்ட் என்பது பெருவணிகர்களின் பட்டம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் நெவ்ஸ்கி சாலையில் 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய நீண்ட அங்காடி இன்றும் இருக்கிறது, பெயர் கோஸ்தினி த்வோர், வணிகர் முற்றம். இதிலிருந்து பிறந்த இன்னொரு சொல் போகோஸ்ட். முதலில் வணிகரும் இளவரசரின் வரி வசூலிப்பவர்களும் வந்து தங்கும் இடம். 947-இல் ஓல்கா அரசி இத்தகைய தங்குமிடங்களை ஏற்படுத்தியதாக ரஷ்ய ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. பிறகு அங்கே தேவாலயம் வந்தது, சுற்றி வட்டாரம் அமைந்தது, தேவாலயத்தை ஒட்டி இடுகாடு வந்தது. இன்று போகோஸ்ட் என்றால் பெரும்பாலும் இடுகாடு. ஒவ்வொரு படியும் பக்கத்துப் படிக்கு நகர்ந்ததுதான், எங்கும் தாவல் இல்லை. முதலையும் கடைசியையும் மட்டும் எடுத்து வைத்துப் பார்த்தால், ரஷ்யர்கள் விருந்தாளியைப் பிணமாக நினைத்தார்கள் என்று ஒரு வாட்ஸ்அப் பகிர்வு எழுதிவிடலாம்! உங்கள் பகிர்வு செய்தது இதே தவறு.

ஜெர்மானியப் பக்கத்தில் சொல் நல்ல பொருளுக்கே வந்து சேர்ந்தது. 4-ஆம் நூற்றாண்டுக் கோதிக் விவிலியத்தில் "அந்நியனாயிருந்தேன், நீங்கள் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை" என்ற இடத்தில் அந்நியனுக்கு வரும் சொல் காஸ்ட்ஸ். அங்கே அவன் இன்னும் வாசலில் நிற்கிறான். ஜெர்மனில் பிறகு வீட்டுக்குள் வந்துவிட்டான். ஆனால் பழைய தூரம் முழுசாகப் போகவில்லை. 1955-இல் இத்தாலியோடும் 1961-இல் துருக்கியோடும் ஒப்பந்தம் போட்டு மேற்கு ஜெர்மனி தொழிலாளர்களை வரவழைத்தபோது, மக்கள் அவர்களைக் காஸ்ட்அர்பைட்டர், விருந்தாளித் தொழிலாளர் என்றார்கள். மரியாதையான சொல் மாதிரி இருக்கும். விருந்தாளி என்றால் ஒருநாள் கிளம்பிப் போக வேண்டியவன் என்பதும் அதற்குள் இருந்தது. பலர் போகவில்லை, அங்கேயே பிள்ளை குட்டியோடு வாழ்ந்தார்கள். அந்தச் சொல் அவர்களுக்கு உறுத்தியதில் வியப்பில்லை.

ஆக, விருந்தாளியும் பகைவனும் எப்படி ஒரே சொல் என்றால், தொடக்கத்தில் அது இரண்டுமே இல்லை. வெளியிலிருந்து வந்தவன், ஆனால் நமக்கும் அவனுக்கும் கடமை உண்டு, அவ்வளவுதான். ஜெர்மானியரும் ஸ்லாவியரும் கடமை இருக்கும் பக்கமாகப் போனார்கள், லத்தீன் வெளியிலிருந்து என்ற பக்கமாகப் போனது. தமிழில் விருந்து என்ற சொல்லையே பாருங்கள். அதன் பழைய பொருள் புதுமை. தொல்காப்பியம் புதிதாகப் புனையும் செய்யுள் வகைக்கு விருந்து என்றே பெயர் வைக்கிறது. புதுமையிலிருந்து புதிதாக வந்தவருக்கும், வந்தவரிலிருந்து அவருக்குப் படைக்கும் சாப்பாட்டுக்கும் அது நகர்ந்தது. திருக்குறளில் செல்விருந்து, வருவிருந்து என்றால் ஆள்தான், இலைச் சாப்பாடு இல்லை. ஐரோப்பியச் சொல்லுக்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது, நகர்ந்த விதத்தை மட்டும் ஒப்பிடுகிறேன்.

அப்புறம் கோஸ்ட். பேயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இந்தக் குடும்பம் இல்லை. ரஷ்ய மொழியின் கோஸ்டோடு ஒலி ஒத்திருப்பது வெறும் தற்செயல். ஆங்கிலக் கோஸ்ட்டின் உறவு ஜெர்மனின் கைஸ்ட், ஆவி, மனம். பழைய ஆங்கிலத்தில் அது நீண்ட உயிரோடு காஸ்ட், விருந்தாளிக்கான சொல்லோ குறுகிய உயிரோடு கேஸ்ட். ஆனால் ஆவிக்கும் நீண்ட உயிரோடு கேஏஸ்ட் என்ற மாற்று வடிவம் இருந்தது, அக்காலப் பிரதிகளில் நெடில் குறில் வேறுபாட்டைக் காட்டாததால் எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். பேவுல்ப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தின் 102-ஆம் அடியில் கிரெண்டல் என்ற அரக்கனை அறிமுகப்படுத்தும்போது அந்தச் சொல் வருகிறது. கொடிய ஆவி என்பதா, கொடிய விருந்தாளி என்பதா? அழைக்காமல் விருந்து மண்டபத்துக்குள் நுழைந்து ஆட்களைத் தின்பவனுக்கு இரண்டும் பொருந்தும். பதிப்பாசிரியர்களில் பெரும்பாலோர் ஆவி என்று எடுக்கிறார்கள், நானும் அப்படித்தான் வாசிக்கிறேன். ஆனால் அந்த அடியை உரக்க வாசிக்கும் ஒவ்வொரு முறையும் உயிரை நீட்டுவதா குறுக்குவதா என்று ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் மேலே போகிறேன்.